எஞ்சினுக்குப் பூஜை போட்ட ஞாயிறு

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாக ஆட்டியும் பார்த்தேன். காசு கேட்கவில்லை என்பதற்காக எதையும் வீட்டுக்குள் விட்டுவிடுகிற குணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அது மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் சிஸ்டமாக இருந்தாலும் சரி.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு உதவியாளர் வேலை. வீடு ஜாசின் பக்கம், ஒரு கித்தாத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா நான் பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போவார். காலையில் அவர் வாளியோடு கிழக்கே நடப்பார், நான் சாப்பாட்டுப் பையோடு மேற்கே பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். லேபில் புது மிசின்கள் வாங்கியபோது பழையவற்றை வேலை செய்பவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு 486 ரக மிசின் ஒன்று கிடைத்தது. காய்கறி வேனில் முட்டைக்கோசுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அது லயத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று எங்கள் வீட்டு வாசலில் கூடிய கூட்டம் என் கல்யாணத்துக்குக்கூடக் கூடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டம் விற்பனையான செய்தி உறுதியானது. வாங்கியவர்கள் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள் என்றார்கள். லயத்துக் குடும்பங்களுக்கு அதே நிலத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு சிறிய வீடு தருவதாகப் பேசி முடித்திருந்தார் தோட்டக் கமிட்டித் தலைவர். அவரை நான் தலைவர் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீடு யார் யாருக்கு என்பதற்கு லேபர் ஆபீஸில் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை எண், வேலைக்குச் சேர்ந்த வருஷம், வேலை டிக்கெட் எண். பட்டியலில் பெயர் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தோட்டத்து ஆபீஸில் ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொல்லிக் கணக்கெழுதும் கிராணி கையை விரித்துவிட்டார். ஆகவே வீடு வீடாகக் கேட்டுத்தான் எழுதியாக வேண்டும்.

"நம்ம புள்ள கம்ப்யூட்டர் படிச்சிருக்குலா, அது அடிச்சிக் குடுத்துரும்" என்றார் தலைவர் மாமா.

"போலே, மாமா, செஞ்சிரலாம். ஒரு வாரம் குடுங்க" என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே ஒரு வார வேலைதான்.

அம்மா மட்டும், "மொதல்ல நோட்டுல எழுது. அப்புறம் பொட்டிக்குள்ள ஏத்து" என்றார்.

"ஒரே வேலைய ரெண்டு வாட்டி எதுக்குச் செய்யணும்? நேரா மிசின்லயே ஏத்திருவேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலே தன் கருத்தைச் சொல்லிவிடுவதில் அவர் கைதேர்ந்தவர்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாளே எனக்குப் பாடம் கிடைத்தது. காரணம் எங்கள் கரண்ட். பெரிய ரோட்டோரத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், எல்லோருக்கும் அரசாங்கக் கரண்ட் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் லயத்துக்கு மட்டும் இன்னும் தோட்டத்து எஞ்சின்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அது இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட எஞ்சின் மாமா அப்பாவுக்குச் சிநேகிதர். விடியற்காலையில் இரண்டு மணி நேரம், மாலை ஆறிலிருந்து பத்து வரை, ஞாயிற்றுக்கிழமையில் கூடுதலாகக் காலை எட்டிலிருந்து ஒன்று வரை எஞ்சின் ஓடும். பத்து என்றால் கடிகாரத்துப் பத்து இல்லை, எஞ்சின் மாமாவுக்குக் கொட்டாவி வருகிற பத்து. முன்னறிவிப்பு கிடையாது. டப்பென்று நிற்கும். லேபில் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி இருந்தது. லயத்தில் அதை வாங்க யாரால் முடியும்?

அப்போது என் மிசினில் இருந்தது எல்லோரும் வைத்திருந்த அதே சிஸ்டம்தான், டவுன் பிளாசாவில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கும் திருட்டு சிடியிலிருந்து ஏற்றியது. மூன்று நாள் டப் டப்பென்று நின்றதில் அது வாசல் வரை வந்து, உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏற்றி வைத்திருந்த ஏழு குடும்பங்களும் போச்சு. அம்மா ஒரு புது நோட்டுப் புத்தகத்தை மிசின் மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நோட்டை எடுத்து அலமாரிக்கு மேலே வீசினேன். வேறு சிஸ்டம் தேடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

யூனிக்ஸ் என்கிற சிஸ்டம் எனக்குப் புதிதில்லை. லேபில் மாணவர்களுக்கென்று ஒரு பெரிய யூனிக்ஸ் மிசின் இருந்தது, அதை மேய்த்தது நான்தான். அதே மாதிரி ஒன்றை வீட்டு மிசினில் இலவசமாகவே போடலாம் என்று லேபில் என்னோடு வேலை செய்த அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் டவுன்காரர், வீடு தெங்கேராவில், கடைகளுக்குப் பின்னால். பத்திரிகையோடு ஒட்டி வரும் சிடியெல்லாம் அவரிடம் இருக்கும். அந்த இலவச சிஸ்டமான லினக்ஸ் என்றால் அவருக்கு உயிர்.

"எடுத்துப் போடு, கண்ண மூடிக்கிட்டுப் போடு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை எனக்கு ஒத்துவராது. லேபின் அலமாரியில் இன்னொரு சிடி யாரும் சீண்டாமல் கிடந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு விரிவுரையாளர் விட்டுப்போனது. அதில் இருந்தது ஃப்ரீ பி.எஸ்.டி. அதுவும் இலவசம், அதுவும் யூனிக்ஸ் ஜாதி. இரண்டில் எது என்று நான் கேட்டேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அண்ணன் சிரித்தார்.

இலவசம் என்பதே எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை. பிளாசாவில் எல்லாமே கிட்டத்தட்ட ஓசிதான். அப்புறம் இதில் என்ன பெருமை என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பெருமை இதுதான்: திருட்டு சிடி நின்றுபோனால் ஏன் நின்றாய் என்று கேட்க முடியாது. இதில் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம், கையேடு முழுக்க மிசினுக்குள்ளேயே இருக்கும். டெலிபோன்கூட இல்லாத லயத்தில், சந்தேகம் கேட்க ஒரு ஆள் இல்லாத எனக்கு, அது கூடவே ஒரு வாத்தியார் வந்து தங்கியிருப்பதற்குச் சமம். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது முழு உண்மை இல்லை என்று பின்னால் தெரியவரும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாணவர்கள் போன பிறகு பரீட்சை வைத்தோம். ஒரே மாதிரி இரண்டு 486. ஒன்றில் அவருடைய லினக்ஸ், மற்றதில் என் பி.எஸ்.டி. இரண்டிலும் ஒரே கோப்புக் கட்டைப் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, பாதியில் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்குவது. தலைக்குப் பத்து தடவை.

பிரதி எடுக்கும் வேகத்தில் அவர் கட்சிதான் ஜெயித்தது. நான் பாதியில் இருக்கும்போது அவர் முடித்துவிட்டு மைலோ கலக்கப் போனார்.

"ஆமையத் தூக்கி வச்சிக்கிட்டு ஆடுறியேலா" என்றார்.

ஆனால் நான் பார்க்க வந்தது ஓட்டத்தை இல்லை, விழுந்தால் எப்படி எழுந்திருக்கிறது என்பதை. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை அன்றைய லினக்ஸ் நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். வேகம் அதிலிருந்து வந்தது. பி.எஸ்.டி. அந்தக் குறிப்பை உடனுக்குடன் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு நகரும். மந்தம் அதிலிருந்து வந்தது. ஆறு தடவை அவருடைய மிசின் சமர்த்தாக எழுந்தது. ஏழாவது தடவை எழுந்து நின்று, வரிசையாகக் கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி முடித்தபோது ஒரு கோப்புக் கட்டு மொத்தமாகக் காணவில்லை. கண்டெடுத்த சாமான்களைப் போட்டு வைக்கும் மூலையில் எண்களைப் பெயராகப் போட்டுக்கொண்டு துண்டு துண்டாகக் கிடந்தது. என்னுடையது பத்து தடவையும் முனகிக்கொண்டே டிஸ்க்கை அடி முதல் நுனி வரை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தது. முடித்த கோப்பு இருந்தது, முடிக்காதது இல்லை. நடுவில் இருந்தும் இல்லாமல் தொங்குவது என்று எதுவும் இல்லை.

"யாருலா வீட்டுல பத்து வாட்டி ப்ளக்க புடுங்குவா?" என்றார் அண்ணன், கொஞ்சம் கடுப்போடு.

"எங்க தோட்டத்துல தெனம் ரெண்டு வாட்டி, அண்ணே. ஞாயித்துக்கெழமன்னா மூணு."

அவர் தன் ப்ளக்கை எடுத்து மறுபடி சுவரில் செருகினார். லினக்ஸ் பின்னாளில் எவ்வளவோ திருந்திவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய மாட்டை அன்றைக்குத்தானே பல் பார்க்க முடியும்? என் வீட்டு மிசினின் சிடி டிரைவை பி.எஸ்.டி. கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றித் தூக்குச்சட்டிக்குள் வைத்து லேபுக்குக் கொண்டுபோய், அங்கே ஏற்றி, அதே தூக்குச்சட்டியில் திருப்பிக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா, "என்னா கொழம்பு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் என் சொல்படி நடந்தது. எஞ்சின் மாமா எப்போது கொட்டாவி விட்டாலும் மறுநாள் என் மிசின் முனகிக்கொண்டு எழுந்தது. அம்மா வீடு வீடாகச் சொல்லிவைப்பார், ஆட்கள் ஒவ்வொருவராகத் தாளோடு வருவார்கள், நான் கேட்டுக் கேட்டு ஏற்றுவேன். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் ஏறின. தினமும் அதை ஒரு டிஸ்கெட்டிலும் பிரதி எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை காலை லேபர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர்.

அது ஒரு அக்காவின் பெயர். பத்தொன்பது வருஷம் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டியவர், அம்மாவுக்குப் பக்கத்து மர நிரை. கணவர் இறந்த பிறகு செர்காமில் தம்பி வீட்டோடு போய், அங்கே மீன் கழுவும் வேலை செய்துகொண்டிருந்தார். லயத்து வீட்டுச் சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. தம்பி பெண்டாட்டிக்கு அவர் பாரம், அதை அவரும் மறைத்ததில்லை. சொந்தமாக ஒரு கதவு கிடைத்தால்தான் அவருக்கு வாழ்வு. தோட்டத்துக்கு மீன் விற்க வரும் மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக்கிடம் அம்மா சொல்லியனுப்பியதில், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று பதில் வந்திருந்தது.

அந்த ஞாயிறு ஆயுத பூஜை. எங்கள் தோட்டத்தில் அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். பஞ்சாங்கம் என்ன கிழமை சொன்னாலும் மானேஜர் வேலை நாளை விட்டுத் தர மாட்டார், அம்பாளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அம்மா விடிந்ததும் பால்வெட்டுக் கத்தி, சாணைக்கல், வாளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பலகையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அப்புறம் கிண்ணத்தோடு என் மிசினிடம் வந்தார்.

"கீபோர்டுல வைக்காதம்மா. பிசுபிசுன்னு ஒட்டும்."

மானிட்டரின் மூலையில் வைத்தார். "பூஜ போட்ட சாமான இன்னிக்குத் தொடக் கூடாதுலா" என்றார்.

"நாளைக்குப் பட்டியல் குடுக்கணும். சரஸ்வதி வந்து டைப் அடிச்சிக் குடுப்பாளா?"

"வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எட்டரைக்கு அக்கா வந்தார். பசியாறச் சொன்னேன், நேரமில்லை என்றார். பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் கர்ச்சீப், அதற்குள் வேலை டிக்கெட்டும் அடையாள அட்டையும். நான் ஏற்றினேன். எண்களை அவரையே இரண்டு முறை படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"எம் பேரு ஏறிடுச்சாம்மா?"

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். முப்பத்தொன்பதாவது வரி. மலாய் எழுத்து அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. விரலைக் கண்ணாடியின் மேல் வைத்து, "இதுவாம்மா?" என்றார்.

"அதேதான்கா."

விரலைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு தாள்களை அதே வரிசையில் சுற்றி வைத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்கு ஓடினார். மத்தியானம் மீன் வருமாம்.

நான் எழுந்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷப்படி பட்டியலை வரிசைப்படுத்தினேன், மலாய் எழுத்தில் கோணல்மாணலாக இருந்த பெயர்களைத் திருத்தினேன். வேலை அழகாக வந்தது. என் திறமையில் நானே சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு மேசை விசிறி தள்ளாடியது, திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பெரட்டுக் களத்துப் பக்கமிருந்து உறுமிச் சத்தம் கேட்டது.

கத்திக்கும் வாளிக்கும் லாரிக்கும் ஓய்வு உண்டென்றால் எஞ்சினுக்கு இல்லையா? ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்துக்கு எஞ்சினை நிறுத்தி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து அங்கே நின்று சுண்டல் வாங்கித் தின்றவள் நான். ஆனால் லயம் முழுக்க அங்கேதான் நிற்கும், நானும் அங்கேதான் நிற்பேன். அந்த நேரத்தில் வீட்டுக்குள் கரண்ட் போவதைப் பார்க்க வீட்டில் யாரும் இருந்ததே இல்லை. பத்து தடவை ப்ளக்கைப் பிடுங்கிப் பரீட்சை வைத்தவளுக்கு இது தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. காலையிலிருந்து நான் ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. டிஸ்க்கில் எழுதினதைப் பத்திரமாக வைத்திருக்கும் சிஸ்டம் எது என்று ஒரு மாதம் ஆராய்ந்த நான், அதை டிஸ்க்கில் எழுதவே மறந்திருந்தேன். டிஸ்கெட்டில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். முப்பத்தொன்பதாவது ஆளின் எண்கள் செர்காம் பஸ்ஸில் கர்ச்சீப்புக்குள் போய்க்கொண்டிருந்தன. யோசித்துப் பார்த்தேன், டிக்கெட் எண்ணில் முதல் இரண்டு இலக்கம்தான் நினைவுக்கு வந்தது.

எஞ்சின் கொட்டகைக்கு ஓடினேன். எஞ்சின் மாமா அப்போதுதான் சக்கரத்துக்கு மாலை போட்டுத் திரும்பியிருந்தார்.

"மாமா, பத்து நிமிஷம் ஓட விடுங்க மாமா. அவசரம்."

"பூஜ போட்டுப் படுக்க வச்சிருக்கும்மா. எழுப்பக் கூடாது. ஆறு மணிக்குத்தான்."

"ஒருத்தங்க வீடு போயிரும் மாமா."

"ஆறு மணிக்கு எழுப்புறேன். அதுக்கு முன்னாடி மானேஜரே வந்தாலும் முடியாது."

அவசரப்படாத சிஸ்டம்தான் நல்ல சிஸ்டம் என்று லேபில் பேசிய பேச்சு எனக்கே ஞாபகம் வந்தது. இருந்தாலும் அந்த நிமிஷம் எஞ்சின் மாமாவைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது. தலைவர் மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் செர்காமுக்குப் போய்த் தேடுகிறேன் என்று எழுந்தார். அவர் மோட்டாரும் சந்தனம் பூசி மாலையோடு வரிசையில் நின்றது. கையை நீட்டினார். அவர் வீட்டு மாமி பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பி வந்தது. போனால்தான் என்ன, தம்பி வீடு கடலோரம் என்பதற்கு மேல் எங்களில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நானும் கத்தலாம் என்று ஆயத்தமாகவே இருந்தேன்.

"அவ தன் பேர தொட்டுப் பாத்துட்டுப் போனாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறுத்துப்போனது அந்த மத்தியானம்தான். ஆறு மணி வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சொன்ன சொல் மாறாமல் ஆறு மணிக்கு எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. மிசினைப் போட்டேன். தலைவர் மாமா, எஞ்சின் மாமா, அம்மா மூன்று பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். முறையாக மூடவில்லை என்று எழுதிவிட்டு மிசின் டிஸ்க்கைத் தடவ ஆரம்பித்தது. அதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. நான் எதற்கும் ஆசைப்படவில்லை, பழைய முப்பத்தெட்டுப் பேராவது முழுசாக இருக்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தேன். உள்ளே விட்டது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்களுக்குத் தபால் வந்திருக்கிறது.

டெலிபோன் கம்பியே இல்லாத லயத்தில், வெளியுலகோடு ஒரு தொடர்பும் இல்லாத மிசினுக்கு யார் தபால் போட்டது? திறந்தேன். அனுப்பியது மிசினேதான். இன்ன நாளில் இன்ன கோப்பை நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள், அதை எடுத்து வைத்திருக்கிறேன், இன்ன கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. நான் எழுதப் பயன்படுத்திய வி.ஐ. என்ற நிரல், நான் சேமிக்கச் சொல்லாவிட்டாலும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் பாட்டுக்கு ஒரு பிரதியை ஓரமாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கையேட்டில் அது இருந்தது. நான் படிக்காமல் தாண்டிய பக்கத்தில் இருந்தது.

"யாரு போட்ட கடுதாசி?" என்றார் அம்மா.

"மிசினே போட்டதும்மா."

"என்னா எழுதியிருக்கு?"

"நீ எழுதுனத பத்திரமா வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கன்னு."

கட்டளையைக் கொடுத்தேன். பட்டியல் வந்தது. கடைசியாகத் திருத்திய இரண்டு பெயர்கள் மட்டும் பழையபடி கோணலாக இருந்தன. அக்காவின் வரி இருந்தது. டிக்கெட் எண் கடைசி இலக்கம் வரை இருந்தது. முதல் வேலையாகச் சேமித்தேன். இரண்டாவது வேலையாக அழுதேன், மூன்று பேர் பார்க்கிறார்கள் என்றுகூட எனக்குப் படவில்லை.

அம்மா மானிட்டர் மூலையில் இருந்த பொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். எஞ்சின் நிற்பதற்குள் முப்பத்தொன்பது குடும்பங்களையும் பேனாவால் எழுதி முடித்தேன். மறுநாள் காலை லேபில் அச்சடித்த பட்டியலைத் தலைவர் மாமா லேபர் ஆபீஸில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார்.

லேபில் அண்ணனிடம் என் கட்சி ஜெயித்த கதையைச் சொன்னேன்.

"ஏம்மா, அது வி.ஐ. செஞ்ச வேலலா. லினக்ஸ்ல இருந்திருந்தாலும் எடுத்து வச்சிருக்கும்."

"எடுத்து வச்சிருக்கும். ஏழாவது வாட்டி அது எந்த மூலையில எந்த நம்பர்ல கெடந்திருக்கும்?"

அவர் மைலோவைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்த வாக்குவாதம் இன்றும் எங்களுக்குள் முடியவில்லை. என் முடிவு சரியென்றுதான் இன்றும் சொல்வேன். அன்று அது காப்பாற்றியது நான் கணக்குப் போட்டு வைத்த காரணத்தால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

வீடுகள் கட்டி முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகிப் பாயா ரும்புட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா தன் வீட்டில் கும்பிட்ட முதல் ஆயுத பூஜைக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் மிசினை முறையாக மூடிவிட்டு, ப்ளக்கையும் நானே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

மீன் வெட்டும் கத்தி, பழைய பால்வெட்டுக் கத்தி, மேசை விசிறி, ஐஸ்பெட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். சூடம் காட்டும் முன் வாசலோரத்து மெயின் சுவிட்சுக்கும் சந்தனம் வைத்து அதைக் கீழே தள்ளினார். "அரசாங்கக் கரண்டுன்னா ஓய்வு வேணாமா?" என்றார். இருட்டான அந்தச் சின்னக் கூடத்தில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவரிடம் சொன்னேன். அதுவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு, "பூஜ நேரத்துல வேல செஞ்சியா நீ?" என்றார். அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார். கதவில் வீட்டு எண் தகடு புதிதாக அடித்திருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "இதுதாம்மா" என்றார். இந்தத் தடவை அவர் என்னைக் கேட்கவில்லை.